எழுந்திருக்க ஒரு நாற்காலி

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஒரு மரச்சாமான் கடையில். நான் போனது புத்தக அலமாரி வாங்க. அலமாரியெல்லாம் மாடியில் என்றார்கள். படிக்கட்டைத் தேடிக்கொண்டு போனவன் நாற்காலிகளுக்கு நடுவே வழி தப்பிவிட்டேன். அங்கே ஒரு அம்மாள், ஐம்பதைத் தாண்டியவர், ஒவ்வொரு நாற்காலியாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். உட்காருவார். கண்ணை மூடுவார். கொஞ்ச நேரம் அப்படியே இருப்பார். பிறகு கைகளை நெஞ்சில் கட்டிக்கொண்டு எழுந்திருக்கப் பார்ப்பார். சிலதிலிருந்து எழுந்தார். சிலதில் பாதி எழுந்து, திரும்பத் தொப்பென்று உட்கார்ந்தார்.

"வீட்டுக்கா மேடம்?" என்று கடைக்காரர் கேட்டார்.

"ஒரு ஹாலுக்கு."

"அங்க யாரு உட்காருவாங்க?"

"எழுந்திருக்கக் கஷ்டப்படுறவங்க."

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அலமாரியை மறந்துவிட்டு வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன். இனி வருவதெல்லாம் நானாகச் சொல்வது. அந்த அம்மாள் எப்போதாவது இதைப் படித்து, "நான் இப்படியெல்லாம் இல்லை" என்றால், அவர் சொல்வதையே நம்புங்கள்.

2

முதல் வரி அமையாமல் திண்டாடினேன். அடித்ததை மறைக்காமல் இங்கேயே வைக்கிறேன்.

*முதுமை என்பது ஒரு—*

(இப்படித் தொடங்கிய எந்த வாக்கியமும் இதுவரை உருப்பட்டதில்லை.)

*அந்த ஹாலில் கடிகாரம் இருந்தது, நேரம்தான் இல்லை.*

(கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பொய். அங்கே நேரம் மூட்டை மூட்டையாகக் கிடந்தது.)

*நாற்காலி உடைந்தது.*

(இது பரவாயில்லை. இதைப் பிடித்துக்கொண்டு போகலாம்.)

நாற்காலி உடைந்தது. ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தின் பெரிய ஹாலில், மதியச் சாப்பாடு முடிந்து எல்லோரும் கண் அயர்கிற வேளையில். அந்த வேளையில் அந்த ஹாலைப் பார்க்க வேண்டும். பச்சைத் திரைச்சீலை வழியாக வெயில் வடிந்து, தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோல் ஒரு வெளிச்சம். மின்விசிறி சுற்றுவது தெரியும், சத்தம் எட்டாது. பாதிப் பேர் தூங்குவார்கள். மீதிப் பேர், தூங்குகிறவர்களின் கனவில் வந்துபோகிறவர்கள் மாதிரி சும்மா உட்கார்ந்திருப்பார்கள். அந்த அமைதியில் படீரென்று ஒரு சத்தம். தையல் டீச்சரின் பிளாஸ்டிக் நாற்காலி பின்னங்கால் மடங்கிப் போய்விட்டது. ஆயுள் முழுக்கப் பெண்பிள்ளைகளுக்குத் தையல் சொல்லிக்கொடுத்தவர் அவர். தரையில் உட்கார்ந்தபடியே கையை உயர்த்தி, "ஊசி பத்திரம், ஊசி பத்திரம்," என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். மேட்ரனுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த இல்லத்தின் மொத்தப் பொறுப்பும் அவள் தலையில்தான். ஓடி வந்து டீச்சரின் இடுப்பு, முழங்கால், மணிக்கட்டு எல்லாம் தொட்டுப் பார்த்து, ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த பிறகுதான் மூச்சு விட்டாள்.

(கடையில் பார்த்த அம்மாள்தான் இந்த மேட்ரன். அங்கே அவர் "அவர்". கதைக்குள் காலெடுத்து வைத்ததும் "அவள்" ஆகிவிட்டாள். ரொம்பக் கிட்டே போனால் மரியாதை தானாகவே கழன்றுகொள்கிறது. தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.)

மறுநாள் இல்லத்தின் ட்ரஸ்டி வந்தார். உடைந்த நாற்காலியைக் காலால் தள்ளிப் பார்த்தார்.

"எல்லாத்தையும் மாத்திடுங்க மேட்ரன். எது நல்லதுன்னு நீங்களே பார்த்து எடுங்க. ஒண்ணே ஒண்ணுதான் நான் சொல்றது. உட்காந்தவங்க தானா எழுந்திரிக்க முடியாத மாதிரி இருக்கணும். எழுந்தாத்தானே விழுவாங்க?"

"சரி சார்," என்றாள் மேட்ரன். அவளுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அதற்குக் காரணம் இருந்தது. காரணம், ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

3

அவளுடைய கணவர்.

(முதலில் அந்த ஜன்னலோரத்தில் ஒரு மாமியாரைத்தான் உட்காரவைத்தேன். வாயைத் திறந்தார், மூடவேயில்லை. மேட்ரனைப் பேசவிடவில்லை, என்னையும் எழுதவிடவில்லை. கும்பிட்டு அனுப்பிவைத்தேன்.)

கணவர் வானிலை நிலையத்தில் வேலை பார்த்தவர். நிலையத்தின் மொட்டைமாடியில் வெயில், காற்று, மழை மூன்றையும் நேரம் தவறாமல் அளந்து எழுதுவது அவர் வேலை. கல்யாணத்தன்றைக்கும் சாப்பாட்டுக்கு நடுவே, "இதோ வந்துடறேன்," என்று எழுந்து போனவர். ஓய்வு பெற்ற பிறகு வேலை அவரை விட்டது. அவர் வேலையை விடவில்லை. அப்புறம் நினைவு மெல்ல மெல்லத் தளர ஆரம்பித்தது. காலையில் அவளை நன்றாகத் தெரியும். "ஏம்மா, நீ சாப்பிட்டியா?" என்பார். பொழுது சாயச் சாய அவள் அவருக்கு ஏதோ ஒரு மேலதிகாரி ஆகிவிடுவாள். "மேடம்" என்று எழுந்து நிற்பார். ஊரார் வீட்டுப் பெரியவர்களைப் பார்த்துக்கொள்ள அவள் கிளம்பினால் அவரைப் பார்க்க வீட்டில் ஆளில்லை. ஆகவே அவரையும் இல்லத்திலேயே சேர்த்துவிட்டாள்.

இல்லத்துத் தோட்டத்தில் ஒரு சிமெண்டுத் திட்டின் மேல் அவர் ஒரு கண்ணாடி ஜாடியை வைத்திருந்தார். அதுதான் அவருடைய மழைமானி. மழை வந்தால் அவரை யாராலும் பிடித்துவைக்க முடியாது. எழுந்து போய் ஜாடியைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்த்தால்தான் மனசு ஆறும். போன மழைக்கு அப்படிப் போகும்போதுதான் வராந்தாப் படியில் வழுக்கி விழுந்தார். புருவத்துக்கு மேலே பிளந்துவிட்டது. மேட்ரன் வெறும் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு வண்டி வரும்வரை உட்கார்ந்திருந்தாள். எத்தனையோ பேருடைய ரத்தத்தைத் துடைத்தவள்தான். ஆனால் அந்த வெதுவெதுப்பு மட்டும் உள்ளங்கையை விட்டுப் போகவேயில்லை.

எழுந்திருக்க முடியாத நாற்காலி என்று ட்ரஸ்டி சொன்னபோது அவள் ஏன் உடனே தலையாட்டினாள் என்பது இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும்.

4

கடையிலிருந்து இரண்டு நாற்காலிகள் மாதிரிக்கு வந்தன. "கொஞ்ச நாள் உட்காந்து பாருங்க மேடம், எது பிடிக்குதோ அதையே மொத்தமா அனுப்பிடறோம்," என்று சொல்லிவிட்டுக் கடைக்காரர் போய்விட்டார்.

ஒன்று தாழ்வானது. சாம்பல் நிறத்தில் கொழுகொழுவென்ற மெத்தை, பின்பக்கமாகச் சரிவு. உட்கார்ந்தால் ஆளை அப்படியே உள்ளே வாங்கிக்கொள்ளும். இன்னொன்று உயரமாக, நெட்டுக்குத்தாக, கைப்பிடி இரண்டும் முன்னால் நீண்டு நின்றது. மெத்தை கெட்டியானது. உட்கார்ந்தால் முதுகு தானாக நிமிரும்.

பேர் வைத்தவர் கண்டக்டர். பஸ்ஸில் டிக்கெட் கிழித்தே தலை நரைத்தவர். இப்போது அந்த ஹால்தான் அவருக்கு பஸ். தாழ்ந்த நாற்காலியைச் சுற்றி வந்து, "இது மேகம்," என்றார். உயரமானதைப் பார்த்து, "இது நாற்காலியா, ஹெட்மாஸ்டரா?" என்றார். இரண்டு பெயரும் அப்படியே ஒட்டிக்கொண்டன. வந்த முதல் நாளே மேகத்துக்கு வரிசை நின்றது. "நகருங்க, நகருங்க, எல்லாருக்கும் இடமிருக்கு," என்று கண்டக்டர் ஒழுங்கு செய்தார். ஹெட்மாஸ்டர் பக்கம் ஒருத்தரும் போகவில்லை. தையல் டீச்சர் மட்டும் அதில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்துப் பார்த்தார்.

பிற்பகலில், எல்லோரும் அவரவர் இடத்தில் அயர்ந்திருந்தபோது, மேட்ரனும் மேகத்தில் உட்கார்ந்தாள். சோதிக்கத்தான் உட்கார்ந்தாள். காலில் சக்கரம் கட்டிக்கொண்டவள். வேலை நேரத்தில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

மெத்தை அவளை வாங்கிக்கொண்டது. முதலில் இடுப்பு. பிறகு தோள். பிறகு, சொன்னால் நம்பமாட்டீர்கள், கவலை. அவள் கண்ணை மூடினாள்.

நிலையத்தின் மொட்டைமாடி தெரிந்தது. புதுசாகக் கல்யாணமான நாட்கள். தூறல். அவர் அளவுக் குவளையைக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு நிற்கிறார். தான் நனைந்துகொண்டு அவருக்குக் குடை பிடிக்கிறாள். "குடையை மடக்கும்மா, மழை கோவிச்சுக்கப் போவுது," என்கிறார். அவள் மடக்குகிறாள். மாடி மெதுவாகத் தாழ்கிறது. பயமாயில்லை. கீழே ஊர் இல்லை, பஞ்சு மாதிரி ஏதோ வெள்ளையாக இருக்கிறது. யாரும் அவளைக் கூப்பிடவில்லை. மணி அடிக்கவில்லை. யாருக்கும் எதுவும் எடுத்துக் கொடுக்க வேண்டியதில்லை. அவர் குவளையை அவள் பக்கம் நீட்டி, "பாரு, எவ்வளவுன்னு நீயே சொல்லு," என்கிறார். அவள் எட்டிப் பார்க்கும்போது—

"மேட்ரனம்மா, கடைசி ஸ்டாப் வந்தாச்சு. இறங்குங்க."

கண்டக்டர் குனிந்து நின்றிருந்தார். பக்கத்தில் தையல் டீச்சர். மேட்ரன் அவசரமாக எழுந்திருக்கப் பார்த்தாள். முடியவில்லை. கைப்பிடியை அழுத்தினாள், கைதான் உள்ளே போயிற்று. கடைசியில் டீச்சர் ஒரு கையையும் கண்டக்டர் ஒரு கையையும் பிடித்து இழுத்தார்கள். மூன்று பேருக்கும் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. மேட்ரன் கண்ணில் நீர் வழியச் சிரித்ததை அந்த ஹால் அன்றைக்குத்தான் பார்த்தது.

இதுதான் சரியான நாற்காலி என்று முடிவு செய்துவிட்டாள்.

5

கணவரை மேகத்தில் உட்காரவைத்தாள்.

அவர் மறுப்பு ஒன்றும் சொல்லவில்லை. தலையைச் சாய்த்து ஜன்னலைப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் தூங்கிவிட்டார். விழித்ததும் ஒருதரம் முன்னால் சாய்ந்து பார்த்தார், நாற்காலி விடவில்லை, திரும்பச் சாய்ந்துகொண்டார். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாள் சாய்ந்துகூடப் பார்க்கவில்லை. முகத்தில் ஒரு குழந்தைச் சிரிப்பு வந்து உட்கார்ந்துகொண்டது.

மேட்ரனுக்குக் கையும் ஓடியது காலும் ஓடியது. மருந்து கொடுக்கப் போனால் அரை மனதோடு ஹாலைத் திரும்பித் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. வைத்தது வைத்த இடத்தில் இருக்கிறது. அந்த நினைப்பு வந்ததும் அவளுக்குச் சுருக்கென்றது. ஆள் இருக்கிறார் என்று நினைக்கவில்லை, வைத்தது இருக்கிறது என்று நினைத்திருக்கிறாள். ஆனாலும் நிம்மதி நிம்மதிதானே?

எனக்கும் நிம்மதியாக இருந்தது. *இவ்வாறாக எல்லோரும் சுகமாக—* என்று எழுதிக் கதையை மூடிவிடலாம் என்றுகூடப் பார்த்தேன். பேனாவை மூடியும் விட்டேன்.

அன்று சாயங்காலம் மழை வந்தது.

முதலில் வாசனை, பிறகு ஜன்னல் கம்பியில் ஒன்றிரண்டு துளி, பிறகு கூரை முழுக்க இரைச்சல். மேட்ரன் திரைச்சீலையை இழுத்துவிட வந்தாள். அவர் விழித்திருந்தார். இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டிருந்தார். தோள் நடுங்கியது. மெத்தை அமுங்கி அமுங்கி எழுந்தது, அவர் எழவில்லை. கத்தவில்லை, கூப்பிடவில்லை. அவளைப் பார்த்ததும் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, ரொம்ப மரியாதையாகக் கேட்டார்.

"மேடம், இன்னிக்கு அளவு யாராவது எடுத்தாங்களா?"

"எடுத்தாச்சு," என்றாள்.

"எவ்வளவு மேடம்?"

அவள் வாயில் வந்ததைச் சொன்னாள். "பத்து மில்லிமீட்டர்."

அவர் காதை ஜன்னல் பக்கம் திருப்பிக் கொஞ்ச நேரம் கேட்டார்.

"இந்தச் சத்தத்துக்கு அது ரொம்பக் கம்மி," என்றார். பிறகு, அவள் மனம் நோகக் கூடாதே என்பதுபோல், "பரவாயில்லை மேடம். நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்று கண்ணை மூடிக்கொண்டார்.

மேட்ரன் திரைச்சீலையைப் பிடித்தபடியே நின்றாள். கல்யாணமான நாளிலிருந்து மழை விஷயத்தில் அவர் யார் சொன்னதையும் "சரியாத்தான் இருக்கும்" என்று ஏற்றுக்கொண்டதில்லை. அமைச்சரே சொன்னாலும் ஜாடியைப் பார்த்துவிட்டு வந்துதான் தலையாட்டுவார்.

அவள் அவர் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கினாள். நடத்திக்கொண்டு போய் ஹெட்மாஸ்டரில் உட்காரவைத்தாள். அவர் அந்தக் கைப்பிடிகளைத் தடவிப் பார்த்தார். பாதம் தரையில் பதிந்தது. முன்னால் குனிந்தார். எழுந்தார். தானாகவே.

அவர் நடக்க, அவர் கையைப் பிடித்துக்கொண்டு அவளும் போனாள். இரண்டு பேரும் நனைந்தார்கள். அவர் சொன்ன அளவை நான் எழுதப்போவதில்லை; பத்து இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

6

ட்ரஸ்டியிடம் போனாள்.

(இங்கே ஒரு காட்சி எழுதி வைத்திருந்தேன். ட்ரஸ்டியை மேகத்தில் உட்காரவைத்துவிடுகிறாள். தூரத்தில் அவர் போன் அடிக்கிறது. மனுஷன் எழ முடியாமல் தத்தளிக்கிறார். நீங்கள் சிரித்திருப்பீர்கள். ஆனால் அவர் அவ்வளவு மட்டமான ஆள் இல்லை. கிழித்துவிட்டேன்.)

"ஹெட்மாஸ்டர், அதாவது அந்த உயரமானதை வாங்கலாம்னு இருக்கேன் சார்."

"அதுல இருந்து எழுந்திருக்கலாமே?"

"ஆமாம் சார். அதுக்காகத்தான்."

ட்ரஸ்டி கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "மேட்ரன், எங்கப்பா விழுந்துதான் போனார். நான் பக்கத்து ரூம்ல இருந்தேன். அதுக்கப்புறம்தான் இந்த இல்லத்தையே கட்டினேன். தெரியுமா உங்களுக்கு?"

அவளுக்குத் தெரியாது. கேட்டாள். "எதுக்காக எழுந்தாரு சார்?"

"வாசல்ல யாரோ கூப்பிட்ட மாதிரி இருந்துச்சாம். யாரும் கூப்பிடலை."

"கூப்பிட்டா போகணும்னு தோணியிருக்கே சார்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அங்கே பார்த்தபடியே, "ஒரே மாதிரியா வாங்குங்க. ஹால் பார்க்க ஒரு ஒழுங்கா இருக்கணும். எது நடந்தாலும் உங்க பொறுப்பு," என்றார்.

7

ஹெட்மாஸ்டர்கள் வந்து இறங்கினார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகள் வெளியேறின. மேகம் சாமான் அறைக்குப் போயிற்று; கடைக்காரர் எடுத்துப்போக வரவேயில்லை.

ஹால் விழித்துக்கொண்டது. உட்கார்ந்தே கிடந்தவர்கள் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்கள். யாரோ திரைச்சீலையை விலக்கினார்கள். யாரோ மின்விசிறியைக் குறைத்தார்கள். வேறு யாரோ போய் அதைக் கூட்டினார்கள். சண்டைகூட வந்தது, மேட்ரனுக்கு அது பாட்டுப் போலக் கேட்டது. கணவர் தூறல் போட்டாலும் எழுந்தார். அவள் எங்கிருந்தாலும் ஓடிவந்து கையைக் கொடுத்தாள்.

எனக்கு உற்சாகமாகிவிட்டது. நான் எழுத நினைத்த கதை இதுதான். *மனிதன் எழுந்து நிற்கப் பிறந்தவன். அவனை—* என்று ஒரு பெரிய வாக்கியத்தை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன்.

கண்டக்டர் விழுந்தார்.

காலையில், பட்டப்பகலில், ஹெட்மாஸ்டரிலிருந்து ஜம்மென்று எழுந்து இரண்டடி வைத்தவர், தலை சுற்றி அப்படியே பக்கவாட்டில் சரிந்தார். மணிக்கட்டு முறிந்தது. வலியில் முகம் வெளுத்துப்போயும், "வண்டி நிக்கிறதுக்குள்ள இறங்கிட்டேன் மேட்ரனம்மா, என் தப்புதான்," என்றார். அவள் அவர் கையைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இந்த முறை ரத்தம் இல்லை. ஆனாலும் உள்ளங்கை வெதுவெதுவென்று சுட்டது.

மறுநாள் கண்டக்டரின் மகள் வந்தாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"எங்கப்பா விழக்கூடாதுன்னுதான் சிஸ்டர் இங்க கொண்டுவந்து விட்டேன். விழுறதுன்னா என் வீட்டுலயே விழுந்திருப்பாரே. நான் தாங்கிப் பிடிச்சிருப்பேனே."

மகளே மேலும் கேட்டாள்.

"உங்க வீட்டுக்காரருக்காகத்தான் இந்த நாற்காலியை வாங்குனீங்களாமே? அப்படியா?"

இல்லை என்று சொல்ல எத்தனையோ வழி இருந்தது. எல்லோருக்கும் நல்லது என்று சொல்லியிருக்கலாம், அதுவும் பொய்யில்லை. மேட்ரன் சொன்னாள்:

"ஆமாம்மா. அவரை நினைச்சுத்தான் வாங்கினேன்."

மகள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நாற்காலி ஒன்றில் தளர்ந்து உட்கார்ந்து, "எங்கம்மா இருந்திருந்தா அவங்களும் அதைத்தான் செஞ்சிருப்பாங்க," என்றாள். மன்னித்தாளா என்று எனக்குத் தெரியவில்லை. அவள் முகத்தை நான் எழுதிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு மாதிரி வந்தது.

8

கட்டுப் போட்ட கையோடு கண்டக்டர் திரும்பி வந்தார். மேட்ரன் அவர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள்.

"ஐயா, உங்களுக்கு என்ன நாற்காலி வேணும்? நீங்களே சொல்லுங்க."

இந்த இடத்தில் அவர் என்ன சொல்ல வேண்டும் என்று நான் முன்பே முடிவு செய்து வைத்திருந்தேன். "விழுந்தாலும் பரவாயில்லம்மா, எழுந்திரிக்கிற நாற்காலிதான் வேணும்." இதுதான் வசனம். எழுதியும் விட்டேன். படித்துப் பார்த்தால் கண்டக்டர் பேசுகிற மாதிரியே இல்லை. நான் அவர் வாயில் பேசுகிற மாதிரி இருந்தது. அடித்துவிட்டுக் காத்திருந்தேன். அவர் சொன்னது இது:

"அந்த மேகத்தை எடுத்துட்டு வந்துடுங்கம்மா. நான் அதுலயே இருந்துக்கறேன்."

மேட்ரனின் முகம் வாடிவிட்டது. "அதுல உட்காந்தா எழுந்திருக்க முடியாதேய்யா."

"எழுந்திரிச்சு எங்க போகப்போறேன்? ஆயுசு பூரா நின்னுக்கிட்டே வேலை பார்த்தவன்மா நான். பஸ் நிறைய சீட்டு. ஒண்ணுகூட எனக்கு இல்லை. கூட்டத்துல கால் மாத்தி வைக்க இடமிருக்காது. என்னிக்காவது ஒருநாள், எழுந்திரிக்கவே வேணாம்னு ஒருத்தன் என்னை உட்காரவைக்க மாட்டானான்னு நினைப்பேன்." கட்டுப் போட்ட கையை ஆட்டினார். "உங்க வீட்டுக்காரர் கதை வேற. அவரு வேலையே எழுந்திரிக்கிறதுதான். எனக்கு ஏம்மா அந்தத் தண்டனை?"

கதை என் கையை விட்டுப் போனது இங்கேதான். வருத்தம் இருந்தது. ஆனால் அவர் பேச்சில் ஒரு வார்த்தையைக்கூட என்னால் எடுக்க முடியவில்லை.

மேட்ரனே போய் மேகத்தைச் சாமான் அறையிலிருந்து இழுத்து வந்தாள். தூசி தட்டினாள். கண்டக்டர் அதில் இறங்கினார். இறங்கினார் என்றுதான் சொல்ல வேண்டும். கண்ணை மூடி ஒரு பெருமூச்சு விட்டார். அந்தப் பெருமூச்சைக் கேட்ட பிறகுதான் தான் யாரையும் கேட்கவேயில்லை என்பது அவளுக்கு உறைத்தது. முதலில் தன் தூக்கத்தை வைத்து ஒரு நாற்காலியைப் பிடித்தாள். பிறகு தன் கணவரை வைத்து இன்னொன்றை. ஒவ்வொருவரிடமாகப் போய்க் கேட்டாள். தையல் டீச்சர் ஹெட்மாஸ்டரை விட்டுக்கொடுக்க மாட்டேன் என்றார். இன்னும் சிலர் மேகம் கேட்டார்கள். ஒருவர் தன் வீட்டில் கிடக்கும் ஆடுநாற்காலியைக் கொண்டுவர முடியுமா என்றார். ஒரு அம்மாள் யோசித்துச் சொல்கிறேன் என்றார், இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

கேட்டதெல்லாம் வந்து சேர்ந்த பிறகு ட்ரஸ்டி வந்து பார்த்தார். உயரமும் தாழ்வுமாக, கலரும் கலருமாக ஹால் தாறுமாறாகக் கிடந்தது.

"ஒழுங்கே இல்லையே மேட்ரன்," என்றார்.

"இல்லைதான் சார்."

அவர் ஹாலை ஒருதரம் சுற்றி வந்தார். போகும்போது வாசல் பக்கமாகக் காலியாயிருந்த ஒரு நாற்காலியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனார்.

மேகத்தில் கிடந்தபடி கண்டக்டர் ஒரு வேலையைத் தானாக எடுத்துக்கொண்டார். மேட்ரனின் கணவர் எழுந்தால் போதும், "மேட்ரனம்மா, இறங்குறாங்க, இறங்குறாங்க!" என்று குரல் கொடுப்பார். அந்தக் குரலுக்கு அவள் எங்கிருந்தாலும் வந்துவிடுவாள். மழைக்காலத்தின் பெரும்பகுதி இப்படியே கழிந்தது.

9

இனி முடிவு. முடிவுக்கு முன்னால் ஒரு சாயங்காலம் இருக்கிறது, அதைச் சொல்லிவிடுகிறேன்.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. நாளெல்லாம் பெய்யாமல் பம்மிக்கொண்டிருந்த மழை பிடித்துக்கொண்டது. ஹாலில் அந்தப் பச்சை வெளிச்சம் மங்கிச் சாம்பலாகிவிட்டது. கண்டக்டர் மேகத்துக்குள் அயர்ந்து தூங்கிப் போயிருந்தார். அதனால் யாரும் குரல் கொடுக்கவில்லை.

மேட்ரன் ஹாலின் அந்தக் கோடியில் ஒருவருக்குக் கம்பளி போர்த்திக்கொண்டிருந்தாள். தற்செயலாகத் திரும்பினாள். அவர் எழுந்து நின்றிருந்தார். கைப்பிடியை விட்டுவிட்டார். வராந்தா பக்கம் நடந்தார். அவர் நடை நன்றாக இருந்தது. மாடியில் குவளையோடு நடக்கிறவரின் நடை. அவள் ஓடினாள். ஓடிவந்தவள், அவருக்குப் பின்னால் வந்ததும் ஏனோ நின்றுவிட்டாள். அவர் வராந்தாவைக் கடந்தார். அவளும் சத்தமில்லாமல் கடந்தாள். படியின் விளிம்பில் வந்து நின்றார். முன்பு விழுந்த அதே படி. மழையில் பளபளத்தது. அவள் கையை நீட்டினாள். அவர் முதுகுக்கும் அவள் விரல்களுக்கும் நடுவே ஒரு சாண்.

இங்கே மூன்று விதமாக எழுதினேன்.

ஒன்றில் அவள் அவர் முழங்கையைப் பிடித்துவிடுகிறாள். அவர் தடுக்கவில்லை. "சரிங்க மேடம்," என்று திரும்பி நடக்கிறார். ஜாடி தானே நிரம்பித் தானே வழிகிறது. இதை எழுதி முடித்ததும் எனக்கு மூச்சு முட்டியது.

இன்னொன்றில் அவள் பிடிக்கவில்லை. அவர் காலை வைக்கிறார், கால்— அதற்கு மேல் என் கை போகவில்லை. அந்தத் தாளை மடித்து வேறெங்கோ வைத்துவிட்டேன்.

மூன்றாவதில் அவர் பத்திரமாக இறங்கிப் போகிறார், அளவு எடுக்கிறார், திரும்பிவந்து அவளிடம் சொல்கிறார். உங்களுக்கு இது பிடிக்கும். எனக்கும் பிடிக்கும். பிடிக்கிறது என்கிற ஒரே காரணத்துக்காக அதை நம்பச் சொல்ல எனக்குத் தைரியமில்லை.

நான் இப்படி மாற்றி மாற்றி எழுதிக்கொண்டிருக்கும்போது, நான் எழுதாத ஒன்று நடந்தது. அவர் திரும்பிப் பார்க்காமலேயே கேட்டார்:

"பின்னாடி யாரு?"

மழை வாசனையில் அவருக்கு எது நினைவில் இருந்ததோ, எது இல்லையோ. அவள் வாயைத் திறந்தாள். இரண்டு பதில் வந்து நின்றன. "மேட்ரன்" என்று சொன்னால், அவரைப் பிடித்தாக வேண்டும். விழவிட்டால் கண்டக்டரின் மகளுக்கும் ட்ரஸ்டிக்கும் பதில் சொல்ல வேண்டியவள் அவள்தான். "நான்தாங்க" என்று மனைவியாகச் சொன்னால், பிடிக்காமல் கூடவே படியிறங்கலாம், பிடிக்கவும் செய்யலாம். இரண்டும் உண்மை. இரண்டையும் எழுதிப் பார்த்தேன், இரண்டையும் அடித்தேன். இவ்வளவு தூரம் அவளை அழைத்துவந்தவன் நான்தான். ஆனாலும் அந்த ஒரு வார்த்தையை அவள் வாயில் வைக்க எனக்கு உரிமையில்லை என்று தோன்றுகிறது.

அவர் காத்திருக்கிறார். வலது பாதம் படிக்கு மேலே தூக்கியபடி இருக்கிறது. ரொம்ப நேரம் அப்படியே நிற்க அவரால் முடியாது. நீங்கள்தான் அவளுக்குப் பக்கத்தில் இருக்கிறீர்கள். பதிலை நீங்களே சொல்லிவிடுங்கள். கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள், மழை பெய்துகொண்டிருக்கிறது.